ஏழரை மணிச் செய்தி

இசக்கிதுரைக்கு மணி பார்க்கத் தெரியும். சுவர்க் கடிகாரத்தில் தெரியாது, கைக்கடிகாரத்திலும் தெரியாது. டிவியில் செய்தி ஓடும்போது வலது மூலையில் சின்னதாக எண்கள் வருமே, அது ஒன்றுதான் அவனுக்கு மணி. அது ஏழு முப்பதைக் காட்டி, செய்தி வாசிக்கிற பெண் வணக்கம் சொன்னால் நான்கு இட்லியைச் சீனி தொட்டுத் தின்பான். எட்டைக் காட்டினால் வாயைத் திறந்து வலிப்பு மாத்திரையை வாங்கிக்கொள்வான். காலையில் எப்படியோ அப்படியே ராத்திரியும். இருபத்தாறு வயது, ஆறடி உயரம், தொண்ணூறு கிலோ எடை. அவனிடம் இருக்கிற சொற்களை எண்ணினால் முப்பது தேறும்.

அவனுடைய அப்பா பிச்சைமணி இருபத்தெட்டு வருசம் போலீஸ் வேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். தென்காசியில் ஐந்து வருசத்தில் மூன்று வாடகை வீடு மாறினார். மூன்று வீட்டிலும் ஒரே காரணம்தான். மகன் கத்துவான். சில நாள் விடியும்வரை கத்துவான். சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் எத்தனை நாள் பொறுப்பார்கள்? மூன்றாவது வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டபிறகு நாலாவது வீடு தேட பிச்சைமணிக்கு மனசில்லை. குற்றாலச் சீசனுக்கு ஆள் ஏற்றி ஓடிக்கொண்டிருந்த பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கினார். சீட்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டுப் பலகைக் கட்டில் அடித்தார். ஒரு மூலையில் அடுப்பு, ஒரு மூலையில் தண்ணீர் டிரம், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இரும்புச் சட்டத்தில், வண்டி பேட்டரியில் ஓடுகிற டிவி. கூரையில் டிஷ். கூடப் படித்த சங்கரநாராயணன் இலஞ்சியில் தன்னுடைய தென்னந்தோப்புக்குள் வண்டியை நிறுத்திக்கொள்ளச் சொன்னார்.

தை மாதத்திலிருந்து வைகாசி வரை ஒரு குறையும் இல்லை. மனைவி குருவம்மாள் பம்ப்செட்டில் துவைத்து, தோப்புக்குள் கயிறு கட்டிக் காயப்போட்டாள். மகன் கத்தினாலும் தென்னை மரங்கள்தான் கேட்டன. புளியங்குடியில் எலுமிச்சை மண்டிக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டிருந்த மகள் அனுசியா ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கும்மா, வீடு மாதிரியே இருக்கு" என்று சொல்லி, பஸ் ஏறும்வரை அழுதுகொண்டே போனாள்.

ஆனியில் சாரல் இறங்கியது. குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு அது கொண்டாட்டம். வண்டிக்குள் குடியிருக்கிறவர்களுக்குத் துணி காயாது, தீப்பெட்டி பற்றாது, படுக்கை முழுக்க ஈரவாடை. அதையெல்லாம் குருவம்மாள் பொறுத்துக்கொண்டாள். டிவியில் படம் அவ்வப்போது கட்டம் கட்டமாக உடைந்து, பிறகு சேர்ந்துகொள்ளும். உடைகிற அந்தப் பத்து நொடியில் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பார்கள்.

ஆடி பிறந்து மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை விடியலில், ஒரு பழுத்த மட்டை கூரையில் விழுந்து டிஷ்ஷின் கம்பியை வளைத்துப் போட்டது.

அன்று பகல் முழுக்க பிச்சைமணி கூரைமேல்தான் இருந்தார். தலையில் ஒரு பிளாஸ்டிக் கவர். கம்பியை நிமிர்த்துவதும் டிஷ்ஷைத் திருப்புவதுமாகக் கிடந்தார்.

"வருதா?"

"வரல."

"இப்பம்?"

"இல்லங்க. நீலமாத்தான் நிக்கி."

இசக்கிதுரை நீலத் திரைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். தட்டில் இட்லி ஆறிக் காய்ந்தது. மத்தியானத்துக்கு மேல் இடது கையின் பெருவிரல் அடியைக் கடிக்கத் தொடங்கினான். அங்கே ஏற்கெனவே காய்த்துப்போன தழும்பு உண்டு. குருவம்மாள் கையை இழுக்கப் போனபோது அவன் முழங்கை வீசியதில் அவள் நெற்றி அடுப்பு மேடையில் மோதியது. அவன் அடிக்க நினைக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். வீங்கிய இடத்தில் ஈரத் துணியை வைத்துக்கொண்டு, "எய்யா, தொரை, ஒரு வாய் மட்டும் வாங்கிக்கய்யா" என்று சாயங்காலம் வரை கெஞ்சினாள். மாத்திரையைச் சீனியில் பொடித்துக் கொடுத்தாள். நாக்கு நுனியிலேயே கண்டுபிடித்துத் துப்பிவிட்டான்.

டிஷ் மாட்டுகிற துல்கர்னைன் கல்யாண வீட்டுக்குப் போயிருந்ததால் திங்கட்கிழமை மத்தியானம்தான் வர முடிந்தது. பைக்கின் பின்னால் புது டிஷ் ஒன்றைக் கட்டிக்கொண்டு தோப்புக்குள் சறுக்கிச் சறுக்கி வந்தார். நாற்பது வயது இருக்கும். வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். கையில் ரத்தம் உறைந்து, உடம்பை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தவனைப் பார்த்ததும் செருப்பை வெளியே விட்டுவிட்டு ஏறினார்.

"எத்தன நாளாச்சு அண்ணாச்சி சாப்ட்டு?"

"நேத்து காலையில இருந்து தண்ணி மட்டுந்தான். மாத்திரையும் போவல. இன்னைக்கு ராத்திரியும் போவலன்னா வலிப்பு வந்துரும் பாய்."

"போன்ல இதே சேனல் வரும்லா?"

குருவம்மாள் பதில் சொன்னாள். "ரெண்டு போனு உடைச்சாச்சு தம்பி. அதுல திடீர்னு படம் நின்னு வட்டம் சுத்திக்கிட்டே நிக்கில்லா, அது அவனுக்கு ஆவாது. மணி நிக்கக் கூடாது. நின்னுட்டுன்னா அவனுக்கு உயிரு நின்ன மாதிரி."

துல்கர்னைன் கூரையில் ஏறி ஒரு மணி நேரம் வேலை பார்த்தார். பழைய டிஷ்ஷை இறக்கிப் புதியதை முடுக்கினார். படம் வந்தது. திரையில் யாரோ ஒரு மந்திரி ரிப்பன் வெட்டினார். மூலையில் மணி இரண்டு பதினேழு. இசக்கிதுரையின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவன் சந்தோசத்திலும் ஆடுவான். தொண்ணூறு கிலோ முன்னும் பின்னும் ஆட, வண்டி ஸ்பிரிங்மேல் ஆடியது. படம் உடைந்தது. நீலமானது. உடனே அவன் இன்னும் வேகமாக ஆடினான்.

துல்கர்னைன் இறங்கி வந்து வண்டிச் சக்கரத்தைப் பார்த்தபடி நின்றார்.

"அண்ணாச்சி, வண்டி மேல வச்சா இது எப்படி நிக்கும்? தம்பி ஆடுதாரு, வண்டி ஆடுது. வண்டி ஆடுனா டிஷ்ஷும் ஆடும். ஒரு விரக்கடை அசைஞ்சாப் போதும், சிக்னல் போயிரும்."

"இவ்வளவு நாளு வந்துச்சே?"

"இவ்வளவு நாளு மானம் தெளிவா கெடந்துச்சு. இத்தினி அசைஞ்சாலும் தாங்கும். இப்பம் ஓலையெல்லாம் நனைஞ்சு தொங்குது. காஞ்ச ஓலை சிக்னல விட்டுரும், ஈர ஓலை விடாது. வர்றதே நூல் மாதிரி வருது, அதையும் வண்டி ஆட்டி அத்துவிட்டுருது. தரையில வைக்கணும். வண்டிக்கும் டிஷ்ஷுக்கும் சம்பந்தமே இருக்கக் கூடாது."

பெயிண்ட் டப்பாவில் சிமென்ட் ஊற்றி நட்ட குழாய் ஒன்றைத் தென்காசியிலிருந்து எடுத்து வந்தார். நீளமான கேபிள் ஒரு சுருள். பிறகு அவரும் பிச்சைமணியும் மரங்களுக்கு நடுவே டிஷ்ஷைத் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். கிழக்கே, கொஞ்சம் தெற்கு ஒதுங்கி, ஏறக்குறைய உச்சியில் ஓலை மறைக்காத ஒரு துண்டு வானம் வேண்டும். இலஞ்சித் தோப்பில் அது லேசில் கிடைக்கிற பொருளா? ஐம்பது வருசத்து மரங்கள், ஒன்றின் தலை இன்னொன்றின் தோளில். வேட்டி தொடைவரை நனைந்து, காலில் அட்டை ஏறியது. கடைசியில் பம்ப்செட்டுக்குப் பக்கத்தில் இரண்டு மரங்களுக்கு இடையே ஒரு சந்து அகப்பட்டது. அங்கே வைத்தபோது மணி ஏழு.

படம் வந்தது. வண்டி ஆடியது, படம் அசையவில்லை. குருவம்மாள் அவசரமாக அடுப்பைப் பற்றவைத்து இட்லித் தட்டை ஏற்றினாள். பிச்சைமணி வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூலையையே பார்த்தார். ஏழு இருபது. ஏழு இருபத்து மூன்று. மகன் ஆட்டத்தை நிறுத்தி, கைகளைத் தொடைமேல் வைத்து நேராக உட்கார்ந்தான். ஏழு இருபத்தாறு.

மேற்கே மலைப்பக்கத்திலிருந்து காற்று ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. மட்டைகள் ஒன்றோடொன்று உரசின. அப்போது திரையில் பேசிக்கொண்டிருந்தவளின் வாய் பாதி திறந்தபடி நின்றுவிட்டது. மூலையில் ஏழு இருபத்தாறு.

அது மாறவே இல்லை. துல்கர்னைன் வெளியே ஓடினார். டிஷ்ஷை அப்படி இப்படித் திருப்பினார். ஏழு இருபத்தாறு. இசக்கிதுரை பொறுமையாகக் காத்திருந்தான். அவன் அப்படிக் காத்திருந்ததைத்தான் குருவம்மாளால் பார்க்க முடியவில்லை. பிறகு திரை நீலமானது. அவன் எழுந்து, ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை மோதினான். மறுபடி மோதினான். கத்தத் தொடங்கினான்.

அப்பாவும் அம்மாவும் சேர்ந்து பிடித்தும் அவன் அடங்கவில்லை. துல்கர்னைன் வாசலில் நனைந்தபடி நின்றார்.

"அக்கா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருவமா? ஆட்டோ கூப்புடுதேன்."

குருவம்மாள் மகனின் சட்டைக் கையை மடக்கி மணிக்கட்டைக் காட்டினாள். சுற்றிலும் வெள்ளையாக ஒரு வடு.

"போன வருசம் கொண்டு போனோம் தம்பி. கையையும் காலையும் கட்டிலோட கட்டிப் போட்டாவ. நாலு நாளு. மூத்திரமெல்லாம் அதுலயே. திரும்பி வந்து ரெண்டு மாசம் எங்க ரெண்டு பேரையும் பக்கத்துலயே விடல."

துல்கர்னைன் கையிலெடுத்த போனைப் பைக்குள் போட்டார். "காலையில வாரேன். எத்தன மணிக்கானாலும் போன் பண்ணுங்க அண்ணாச்சி" என்று கிளம்பினார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் சங்கரநாராயணன் குடையோடு வந்தார். தோப்பின் தெற்கு ஓரத்தில் அவருக்கு இரண்டு வீடு உண்டு. சீசனுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவார். வண்டிக்குப் பக்கத்தில் வந்தும் அவர் உள்ளே பார்க்கவில்லை.

"பிச்ச, அந்த ரெண்டு மரத்துல மட்டைய வெட்டச் சொன்னியாமே, பாயி சொன்னாரு."

"ஆமா சங்கரா. பம்ப்செட்டு பக்கத்துல ரெண்டே மரம். வெட்டிட்டா மானம் தெரியும்."

"மழையில எவன்டே மரம் ஏறுவான்? பாசி கெட்டிக் கெடக்கு. வழுக்கி விழுந்தாம்னா யாரு பதில் சொல்லது?"

"நான் ஏறுதேன்."

"அம்பத்தொம்பது வயசுல நீ ஏறுவ!" சங்கரநாராயணன் குடைக்காம்பை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "நான் அதுக்கு வரல பிச்ச. சென்னைப் பார்ட்டி, பச்சப்புள்ளயோட வந்துருக்காவ. நேத்தும் தூங்கல, இன்னைக்கும் இப்படின்னா காலி பண்ணிட்டுப் போறோம்னு சொல்லுதாவ. நான் என்ன செய்ய, சொல்லு?"

பிச்சைமணி, "காலையில எடுத்துருதேன்" என்றார்.

"உடனேன்னு சொல்லல. ஒரு ரெண்டு நாளு..."

"காலையில எடுத்துருதேன் சங்கரா."

ஒன்பது மணிக்கு முதல் வலிப்பு வந்தது. கத்திக்கொண்டிருந்தவன் ஒரு சொல்லின் நடுவில் நின்று, பலகையில் சரிந்தான். குருவம்மாள் அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே தன் சேலையைச் சுருட்டி வைத்து, வாய்க்குள்ளேயே எண்ணினாள். நூற்று நாற்பது எண்ணியபோது உடம்பு தளர்ந்தது. விடிவதற்கு முன் நாலரைக்கு இன்னொன்று வந்தது. அப்போது இருநூற்றுப் பத்து வரை எண்ணினாள். எண்ணி முடித்துத் திரும்பியபோது பிச்சைமணி டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். சட்டை போட்டிருந்தார். பம்ப்செட் பக்கத்திலிருந்த டிஷ்ஷையும் குழாயையும் எப்போது தூக்கி வந்து வண்டிக்குள் போட்டார் என்று அவளுக்குத் தெரியவில்லை. சாவியைத் திருகினார்.

குருவம்மாள் மகனின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

இலஞ்சி விலக்கில் ஒரு பக்கம் தென்காசி, ஒரு பக்கம் குற்றாலம். வண்டி குற்றாலத்துப் பக்கம் திரும்பியது. அந்த இருட்டிலும் அருவிக்கு ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். துண்டைத் தோளில் போட்டு, எண்ணெய் வழியும் தலையோடு குடும்பம் குடும்பமாக நடந்தார்கள். சிப்ஸ் கடைக்காரர் அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தார். பிச்சைமணி எங்கேயும் நிறுத்தவில்லை. ஊரைத் தாண்டி, கடைகளும் வெளிச்சமும் முடிந்து, ஒரு குளத்தங்கரைச் சாலைக்கு வந்ததும் வேகத்தைக் குறைத்தார். சாரலில் குளம் விளிம்பு தட்டி நிறைந்திருந்தது. அந்த வளைவில் தடுப்புச் சுவர் கிடையாது. வண்டியை நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை.

வைப்பர் ஓடியது. குருவம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்குத் தண்ணீர் தெரிந்தது. அவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்ததும், கியரைப் போட்டுக் கிளட்சை மிதித்தபடி இருந்ததும் தெரிந்தன. அனுசியா இந்நேரம் எழுந்து வாசல் தெளித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தாள். மகனின் முடியைக் கோதிக்கொண்டே இருந்தாள்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றார்கள் என்று பிறகு இரண்டு பேருக்குமே சொல்லத் தெரியவில்லை.

மடியில் கிடந்த இசக்கிதுரை கண்ணைத் திறக்காமலே பேசினான். நாக்கு கடிபட்டு வீங்கியிருந்ததால் சொல் குழறியது. ஆனால் அந்தக் குரல் அவனுடையதல்ல, செய்தி வாசிக்கிறவளுடைய குரல். அவளுடைய நிறுத்தம், அவளுடைய ஏற்ற இறக்கம்.

"வணக்கம். நேரம் காலை ஏழு முப்பது. தலைப்புச் செய்திகள்."

அதற்குமேல் அவனுக்குத் தெரியாது. கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி முதலிலிருந்து சொன்னான். "வணக்கம். நேரம் காலை ஏழு முப்பது. தலைப்புச் செய்திகள்."

மூன்றாவது முறை சொன்னபோது பிச்சைமணி கண்ணாடி வழியாக மகனைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினார். மலைமேலும் தலைக்குமேலும் மேகம் கறுத்துக் கிடந்தது. கிழக்கே, தென்காசியையும் தாண்டி வெகுதூரத்தில், மேகம் முடிகிற இடத்தில் வானத்தின் அடி வெளுத்துக்கொண்டிருந்தது. சாரல் அவ்வளவு தூரம் போகாது. இருபத்தெட்டு வருசம் அந்தச் சாலைகளில் வண்டி ஓட்டியவருக்கு அது தெரியாதா? தெரியும். மூன்று நாளாக அது நினைவுக்கு வரவில்லை.

ரிவர்ஸ் கியர் கரகரத்து விழுந்தது. வளைவில் மூன்று தடவை ஒடித்துத் திருப்பினார்.

சுந்தரபாண்டியபுரம் போய்ச் சேர்ந்தபோது ஆறு ஐம்பது. அங்கே தரை காய்ந்து கிடந்தது. இரண்டு பக்கமும் சூரியகாந்தி பூத்து, வெயிலுக்கு முகம் காட்டி நின்றது. மரமே இல்லை. ஆனால் காற்று உண்டு, ஆளைத் தள்ளுகிற காற்று. ஒரு வரப்பை ஒட்டி வண்டியை நிறுத்திவிட்டுப் பிச்சைமணி டிஷ்ஷை இறக்கினார். பெயிண்ட் டப்பாவை வைத்த மறு நிமிசமே காற்று அதைக் குப்புறத் தள்ளியது. சுற்றிலும் பார்த்தார். முட்டுக் கொடுக்க ஒரு கல்கூட இல்லை.

டிஷ்ஷைக் குழாயிலிருந்து கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டார். துல்கர்னைனுக்குப் போன் போட்டுச் சட்டைப் பையில் வைத்தார்.

"பாய், கையில புடிச்சிட்டு நிக்கேன். எந்தப் பக்கம் திருப்பணும்?"

"கையிலயா?" துல்கர்னைன் தூக்கத்திலிருந்து எழுந்த குரலில் ஒரு கணம் திகைத்தார். "சரி அண்ணாச்சி. வெயிலு இருக்கா? சூரியன நேரா பாத்து நில்லுங்க. நின்னுட்டியளா? இப்பம் வலது பக்கமா பாதி திரும்புங்க. முழுசா இல்ல, பாதி. நல்லா மல்லாத்திப் புடிங்க, மானத்துல இருந்து பால் வாங்குத மாதிரி."

"குருவு! பாரு!"

"வரல!"

"லேசா தெக்க, அண்ணாச்சி. மெதுவா. எறும்பு நகரது மாதிரி."

"இப்பம்?"

"சிக்னல் கோடு ஏறுது! போச்சு. ஏறிட்டுப் போச்சு!"

"அதே எடத்துக்குத் திரும்பி வாங்க," என்றது பையிலிருந்த குரல். "மூச்ச அடக்கிக்கிடுங்க."

ஏழு பத்து, ஏழு பதினைந்து ஆனது. காற்று டிஷ்ஷைப் பாய்மரத்தைப் போல இழுத்தது. பிச்சைமணி கால்களை அகட்டி, முதுகு வண்டியில் படாமல் தள்ளி நின்றார். வண்டியில் பட்டால் மகனின் ஆட்டம் கைக்கு வந்துவிடும். தோள்பட்டை எரிந்தது. ஏழு இருபத்தொன்றுக்கு உள்ளேயிருந்து குருவம்மாள் கத்தினாள்.

"அசையாதிய! அப்படியே! வந்துட்டு, வந்துட்டு, அசையாதிய!"

பிச்சைமணி அசையவில்லை.

சூரியகாந்திக்குள் சலசலப்புக் கேட்டது. தலையில் துண்டும் கையில் கம்புமாக ஒருத்தி வெளியே வந்தாள். பெயர் முத்துசெல்வி. அந்த இரண்டு ஏக்கரும் அவளுடையது. பூப்பூக்கிற மாசத்தில் போட்டோ எடுக்க வருகிறவர்கள் செடியை மிதித்துவிடாமல் விடிந்ததிலிருந்து காவல் கிடப்பாள்.

"யாரு அண்ணாச்சி அது, வண்டிய வரப்புல ஏத்தி வச்சிருக்கிய? ஷூட்டிங்கா? யாருகிட்ட கேட்டிய?"

பிச்சைமணி தலையைத் திருப்பவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"ஷூட்டிங் இல்லம்மா. நியூஸு."

"நியூஸ்காரவுகளா? எந்த டிவி?"

"பாக்கதுக்கு தாயி. எம்மவன் பாக்கான். எட்டரை வரைக்கும் என்னைய அசைக்காத. பொறவு நீ என்ன சொன்னாலும் கேக்கேன்."

முத்துசெல்விக்கு ஒன்றும் விளங்கவில்லை. வண்டி வாசலில் போய் எட்டிப் பார்த்தாள். உள்ளே, நெற்றி புடைத்த ஒரு பொம்பளை அடுப்புப் பக்கத்தில் தட்டோடு நின்றாள். கீழே மலை மாதிரி ஒருவன், கை முழுக்கக் கடிகாயம், டிவிக்கு முன்னால் கையைத் தொடைமேல் வைத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல உட்கார்ந்திருந்தான். திரையில் மணி ஏழு இருபத்தொன்பது. குருவம்மாள் வாயில் விரல் வைத்து அவளைப் பேசவேண்டாம் என்றாள்.

எண் மாறியது. செய்தி வாசிக்கிறவள் வணக்கம் சொன்னாள். அவளோடு சேர்ந்து இசக்கிதுரையும் சொன்னான். பிறகு தட்டுக்குக் கையை நீட்டினான்.

முதல் இட்லியை அவன் மென்று விழுங்க எவ்வளவோ நேரம் ஆனது. நாக்குப் புண்ணில் சீனி பட்டபோது முகத்தைச் சுளித்தான், ஆனால் துப்பவில்லை. இரண்டாவது, மூன்றாவது. குருவம்மாள் ஒவ்வொரு வாய்க்கும் தானும் எச்சில் விழுங்கினாள்.

முத்துசெல்வி வெளியே வந்து கம்பைக் கீழே போட்டாள். பிச்சைமணியின் கைகள் முழங்கையிலிருந்து நடுங்கிக்கொண்டிருந்தன. அவள் பக்கத்தில் வந்து குந்தி, டிஷ்ஷின் கீழ்விளிம்பைத் தன் தோளில் தாங்கினாள்.

"வெயிட்ட எம்மேல போடுங்க. திருப்பாம மட்டும் புடிச்சிக்கிடுங்க."

அப்படியே இரண்டு பேரும் இருந்தார்கள். அதற்குள் ஒரு காரில் வந்தவர்கள் இறங்கிப் பூவுக்குள் போய்ப் போட்டோ எடுத்தார்கள். முத்துசெல்வி இருந்த இடத்திலிருந்தே, "ஏய், செடிய மிதிக்காதிய!" என்று சத்தம் போட்டாள். எழுந்திருக்கவில்லை.

எட்டு மணிக்கு உள்ளேயிருந்து குரல் வந்தது. "முழுங்கிட்டான்." சொன்னது ஒரே சொல். அதற்குப்பிறகு குருவம்மாள் அழுகிற சத்தம் கேட்டது. சட்டைப் பையிலிருந்த போனில் துல்கர்னைன், "அல்லாவே" என்றார். அவர் இன்னும் போனை வைக்கவில்லை.

எட்டரைக்குச் செய்தி வாசிக்கிறவள் நன்றி சொன்னாள். அவள் நன்றி சொன்னால் டிவியை அணைக்கலாம். இசக்கிதுரை பலகையில் சரிந்து படுத்து, இரண்டு நிமிசத்தில் தூங்கிப்போனான்.

முத்துசெல்வி டிஷ்ஷை வாங்கிக் கீழே வைத்தபோது பிச்சைமணியின் விரல்கள் மடங்கினபடியே இருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டியிருந்தது.

"பூ முத்தி அறுக்கதுக்கு இன்னும் ஒரு மாசம் கெடக்கு," என்றாள் முத்துசெல்வி. "அதுவரைக்கும் இங்கனயே நிறுத்திக்கிடுங்க. அறுத்த பொறவு எங் கொழுந்தன் உழவு வச்சிருவான், அப்பம் என்னால ஒண்ணும் சொல்ல முடியாது. பழைய போர்வெல் குழாய் ஒண்ணு கெடக்கு. நட்டு வச்சா எந்தக் காத்துக்கும் அசையாது. கடப்பாரை எடுத்துட்டு வாரேன்."

அவள் வரப்பு வழியே போனாள். குருவம்மாள் இறங்கி வந்து வண்டிப் படியில் உட்கார்ந்தாள். பிச்சைமணி தரையில், சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"குளத்தங்கரையில..." என்று ஆரம்பித்தாள்.

"கேக்காத குருவு."

"கேக்கல." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எங்கன போறியன்னு நான் கேக்கவே இல்லல்லா? வண்டி குத்தாலத்துப் பக்கம் திரும்பும்போதே எனக்குத் தெரியும். நானும் வேண்டாம்னு சொல்லல. சும்மாத்தான இருந்தேன்."

பிச்சைமணி அவளை நிமிர்ந்து பார்த்தார். மடங்கிய விரல்களால் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

முத்துசெல்வி தோளில் கடப்பாரையோடு திரும்பி வந்தாள்.

"சாயந்தரம் எத்தன மணிக்கு அண்ணாச்சி மறுபடி நியூஸு?"

"ஏழரைக்கு."

"அப்பம் நேரம் கெடக்கு."

பிச்சைமணி எழுந்து கடப்பாரையை வாங்கினார். தூக்கப் பார்த்தார். இடுப்பு உயரத்துக்குமேல் கை போகவில்லை. மறுபடி முயன்றார். குருவம்மாள் சேலையைச் செருகிக்கொண்டு வந்து அவர் கையிலிருந்து அதை வாங்கினாள். டிஷ் நின்ற இடத்தைக் காலால் கோடு கிழித்துக் குறித்துக்கொண்டாள். ஓங்கிக் குத்தினாள். காய்ந்த செம்மண், ஒரு விரல்கடைதான் இறங்கியது. பிடுங்கி, மறுபடியும் ஓங்கினாள்.